பரப்பு மூடவில்லை என்றால்: ரைனோவில் வளைபரப்பைத் திடப்பொருளாக்கும்போது வரும் கோளாறுகள்

திரையில் பம்ப் உறை முழுதாகத் தெரிகிறது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஓட்டை இல்லை. கோர் பாக்ஸ் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கான மணல் கருவைச் செய்யும் பெட்டி) வெட்ட அனுப்பினால், "இது வெறும் தோல், உள்ளே ஒன்றும் இல்லை" என்று கோப்பு திரும்பி வந்துவிடுகிறது. கோயம்புத்தூரில் பம்ப் வார்ப்புக்குப் பேட்டர்ன் (மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரி) வரைபவர்களில் இந்தப் பதிலை ஒருமுறையாவது வாங்காதவர் குறைவு. நான் பலமுறை வாங்கியிருக்கிறேன்.

கீழே உள்ளது ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளை வைத்து எழுதியது. சாலிட்வொர்க்ஸ், ஃபியூஷன், ஃப்ரீகேட் பயன்படுத்துபவர்களுக்கும் கோளாறின் காரணம் ஒன்றுதான்; கட்டளைப் பெயர்தான் மாறும். உதாரணத்துக்கு ஒரே பொருளையே எடுத்துக்கொள்கிறேன்: மையவிலக்குப் பம்பின் நத்தைக்கூடு உறை. தண்ணீர் ஓடும் உட்புறத்தைத் திடப்பொருளாக்கினால் அது கோர். வெளிப்புறத்தை ஆக்கினால் பேட்டர்ன். இரண்டுமே முதலில் வளைந்த தோல்களாகத்தான் பிறக்கின்றன.

மென்பொருளுக்குத் திடப்பொருள் என்றால் என்ன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒவ்வொரு விளிம்பையும் சரியாக இரண்டு முகங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரே முகத்துக்கு மட்டும் சொந்தமான விளிம்பு, திறந்த விளிம்பு. மூன்று முகங்கள் கூடும் விளிம்பும் ஆகாது. இருநூறு விளிம்புகள் சரியாக இருந்து ஒன்று மட்டும் திறந்திருந்தாலும் மென்பொருளுக்கு அது தோல்தான். பானையில் ஊசித்துளை இருந்தாலும் தண்ணீர் நிற்காது.

எதையும் தொடுவதற்கு முன்: அலகும் டாலரன்ஸும்

யூனிட்ஸ் கட்டளையைத் தட்டி அலகையும் டாலரன்ஸையும் பாருங்கள். டாலரன்ஸ் என்பது, இரண்டு விளிம்புகள் ஒன்றே என்று மென்பொருள் ஏற்கும் அதிகபட்ச இடைவெளி. ரைனோவின் சிறிய பொருள்களுக்கான மில்லிமீட்டர் டெம்ப்ளேட்டில் டாலரன்ஸ் 0.001 மி.மீ.; பெரிய பொருள்களுக்கானதில் 0.01 மி.மீ. பம்ப் உறைக்கு நான் 0.001 வைத்துக்கொள்கிறேன். வார்ப்புக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மணல் அச்சுக்குத் தேவையில்லைதான்; அந்தக் கோப்பைத் திறக்கப்போகும் அடுத்த மென்பொருளுக்குத் தேவை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

இங்கே முதல் கோணல் முற்றும் கோணல். 0.1 டாலரன்ஸில் பாதி வேலையை முடித்துவிட்டு நடுவில் 0.001 ஆக்கினால், ஏற்கெனவே வெட்டிய விளிம்புகள் பழைய முரட்டுத்தனத்துடன் அப்படியே இருக்கும். எண் மாறியதால் எதுவும் திருந்தாது.

அறிகுறி: ஜாயின் சொன்னால் சேர்கிறது, ஆனால் "திறந்த பாலிசர்ஃபேஸ்" என்கிறது

பரப்புகளை விளிம்போடு விளிம்பு ஒட்டும் கட்டளை ஜாயின்; ஒட்டிய தொகுப்புதான் பாலிசர்ஃபேஸ். பத்தில் ஏழு பேர் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். பொருளைத் தேர்ந்தெடுத்து ஷோ எட்ஜஸ் கொடுங்கள். வரும் சிறிய பலகையில் நேக்கட் எட்ஜஸ் மட்டும் தெரியும்படி வையுங்கள். எத்தனை திறந்த விளிம்புகள் என்று கட்டளை வரியில் எண்ணிக்கை வரும். திரையில் அவை இளஞ்சிவப்பாக மின்னும்.

எண்ணிக்கை வருகிறது, திரையில் ஒன்றையும் காணோம் என்றால் பதற வேண்டாம். அது ஒரு மயிரிழை. அதே பலகையில் ஜூம் பகுதியில் ஒவ்வொன்றாகப் போகும் பொத்தான் இருக்கிறது. அது உங்களை நேரே அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும். நத்தைக்கூடு உறையில் அந்த இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: சுருள் தொடங்கும் இடமும் தண்ணீர் வெளியேறும் குழாயும் பிரிகிற, நாக்கு போன்ற கூர்முனை. மூன்று பரப்புகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டிய இடம். மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் நுழைவதைப் போல, யாராவது ஒருவர் அரை அடி தள்ளித்தான் நிற்பார்.

அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று வழிகள்.

விளிம்பின் நீளமே டாலரன்ஸைவிடக் குறைவு என்றால் அது குப்பை. ரிமூவ் ஆல் நேக்கட் மைக்ரோ எட்ஜஸ் என்று நீண்ட பெயருள்ள கட்டளை ஒன்று உண்டு. ஓட்டிப் பாருங்கள், பாதி நேரம் அத்துடன் வேலை முடிந்துவிடும்.

இரண்டு விளிம்புகள் அக்கம்பக்கமாக ஓடி, நடுவில் நூலளவு இடைவெளி இருக்கிறது என்றால், இடைவெளியை அளந்து பாருங்கள். டாலரன்ஸைவிடச் சற்றே அதிகமாக இருந்தால், அந்த இரு முகங்களையும் எக்ஸ்ட்ராக்ட் சர்ஃபேஸ் மூலம் தனியே எடுத்து, ரீபில்ட் எட்ஜஸ் கொடுத்து, மறுபடி ஜாயின் செய்யுங்கள். பழைய ஒட்டில் இழுபட்டிருந்த விளிம்புகள் தம் பரப்புக்கே திரும்பிவிடும். சில சமயம் இடைவெளி அதனால் இன்னும் பெரிதாகத் தெரியும். நல்லதுதான், உண்மை வெளியே வந்திருக்கிறது.

மூன்றாவது, பார்த்தவுடனே தெரிகிற முக்கோண ஓட்டை. அங்கே பரப்பே இல்லை. புதிதாக ஒன்று வரையத்தான் வேண்டும். வரையும்போது ஒரு எச்சரிக்கை: மூன்று பக்கமுள்ள ஓட்டையை, ஒரு பக்கம் புள்ளியாகச் சுருங்கிய பரப்பால் மூடாதீர்கள். பார்க்க மூடியதாகத் தெரியும். பிறகு தடிமன் கொடுக்கும்போதோ விளிம்பை உருட்டும்போதோ அந்தப் புள்ளியில் எல்லாம் சொதப்பும். நான்கு பக்கமுள்ள பெரிய பரப்பு ஒன்றை ஓட்டைக்கு வெளியேயும் நீளும்படி வரைந்து, ஓட்டையின் விளிம்பில் வெட்டிக்கொள்ளுங்கள். மேசைக்குச் சரியான அளவில் துணி நெய்கிறவர் யாருமில்லை. பெரிய துணியை விரித்துத்தான் வெட்டுகிறார்கள்.

அறிகுறி: ஜாயின் சேர்க்கவே மறுக்கிறது

முதலில் செல் டப் கொடுத்துப் பாருங்கள். ஒரே பரப்பு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஜாயின் தவறான பிரதியுடன் சேர்ந்துவிட்டு மற்றதை அனாதையாக விட்டுவிடும்.

அது இல்லையென்றால் இடைவெளி பெரிது. இங்கேதான் பலர் ஜாயின் எட்ஜ் என்ற கட்டளையைக் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டு விளிம்புகளைக் காட்டினால் "இவற்றைச் சேர்க்க 0.035 டாலரன்ஸ் தேவை, சேர்க்கட்டுமா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் உடனே சேர்ந்துவிடும். திறந்த விளிம்பு மறையும். பொருள் "மூடிய திடம்" ஆகிவிடும். மனது குளிரும்.

இது பூசி மெழுகும் வேலை. ஜாயின் எட்ஜ் பரப்பை ஒரு இம்மியும் நகர்த்துவதில்லை. "இந்த இரண்டும் சேர்ந்தவை என்று வைத்துக்கொள்" என்று ரைனோவிடம் சொல்கிறது, அவ்வளவுதான். 0.035 மி.மீ. இடைவெளி அங்கேயே இருக்கிறது. ரைனோ நம்புகிறது, அடுத்த மென்பொருள் நம்பாது. நான் அதை முழுதாக ஒதுக்கிவிடவில்லை. கோப்பு என் மேசையைவிட்டுப் போகாது, எடையை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் பயன்படுத்துவேன். வெளியே அனுப்பும் கோப்பில் ஒருபோதும் இல்லை.

முறையான வழி, இரண்டில் ஒரு பரப்பை மற்றதன் விளிம்புக்கு இழுத்துவருவது. வெட்டப்படாத விளிம்பு என்றால் மேட்ச் சர்ஃபேஸ். இடம் மட்டும் பொருந்தினால் போதுமா, தொடுகோடும் பொருந்த வேண்டுமா, வளைவும் பொருந்த வேண்டுமா என்று அது கேட்கும். தண்ணீர் ஓடும் பரப்புக்குத் தொடுகோடு வரை போதும் என்பது என் கணக்கு. வெட்டிய விளிம்பு என்றால் பரப்பை அன்டிரிம் செய்து (வெட்டுப்பட்ட பகுதியை மீட்டு), நீட்டி, மீண்டும் வெட்டுங்கள்.

வெட்டிய விளிம்புகள் ஏன் எப்போதும் இப்படிக் கொஞ்சம் பிசகியே இருக்கின்றன? மென்பொருளின் சோம்பேறித்தனம் என்று நானும் நினைத்திருந்தேன். இரு திசையிலும் மூன்றாம் படி கொண்ட (இரு-கன) பரப்புகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் கோட்டைச் சமன்பாடாக எழுதினால் அதன் படி 324 வரை போகும். அதை எந்த மென்பொருளும் அப்படியே எழுதி வைத்துக்கொள்வதில்லை. டாலரன்ஸுக்குள் அடங்கும் எளிய வளைகோடு ஒன்றைத் தோராயமாகப் போட்டுவிடுகிறது. ஆகவே டாலரன்ஸ் என்பது நாம் தரும் சலுகை மட்டும் கிடையாது. வளைபரப்புகளின் விளிம்பு பெரும்பாலும் அந்த அளவுக்குத்தான் உண்மையாக இருக்கிறது.

அறிகுறி: எல்லாம் சுலபமாகச் சேர்கிறது, ஆனால் சிறிய வளைவுகள் காணாமல் போகின்றன

இதற்கு நேர்மாறான கோளாறு; அரிது, ஆனால் ஆளைக் குழப்பிவிடும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் கோப்பு வந்தது. உறை சரியான அளவில்தான் இருந்தது. ஆனால் அலகு மீட்டர். டாலரன்ஸ் 0.001 என்றே காட்டியது. 0.001 மீட்டர் என்றால் ஒரு முழு மில்லிமீட்டர்! நாக்கு முனையில் இருந்த சிறிய உருட்டலை ரைனோ பொருட்படுத்தவே இல்லை. அலகை மில்லிமீட்டராக மாற்றி, அளவையும் கூடவே மாற்றட்டுமா என்று கேட்கும்போது ஆமாம் என்று சொல்லி, விளிம்புகளைப் புதிதாக வெட்டினேன். அன்று மாலைவரை போனது.

அறிகுறி: கேப் மூட மறுக்கிறது

கேப் தட்டையான திறப்பை மட்டுமே மூடும். உறையின் வெளியேற்றக் குழாய் வாய் தட்டையாகத்தானே இருக்கிறது என்பீர்கள். வாயின் ஒரு மூலை 0.02 மி.மீ. தூக்கியிருந்தாலும் அது கேப்புக்குத் தட்டை இல்லை. தட்டைப் பரப்பு ஒன்றைச் சரியான இடத்தில் பெரிதாகப் போட்டு, குழாயை அதனால் வெட்டிவிட்டு, பிறகு கேப் கொடுங்கள். பேட்ச் கட்டளையால் மூடலாமே என்று தோன்றும். பேட்ச் விளிம்பைத் தோராயமாகத்தான் தொடும். மேலே சொன்ன ஜாயின் கதைக்கே திரும்பி வருவீர்கள்.

அறிகுறி: பூலியன் தோற்றுப்போகிறது, அல்லது தலைகீழாகச் செய்கிறது

பூலியன் என்பது ஒரு திடப்பொருளோடு இன்னொன்றைக் கூட்டும் அல்லது அதிலிருந்து கழிக்கும் கட்டளை. இரண்டும் மூடிய திடப்பொருள்களா என்று முதலில் பாருங்கள். பூலியனுக்குத் திறந்த பரப்பைக் கொடுத்தால், எந்தப் பக்கம் உள், எந்தப் பக்கம் வெளி என்பதை அது பரப்பின் திசையை வைத்து முடிவுசெய்யும். உறையிலிருந்து கோரைக் கழிக்கப்போய், உறை மறைந்து கோர் மட்டும் நின்றால் திசைதான் காரணம். டிர் கட்டளையில் அம்புகளைப் பார்த்து ஃபிளிப் செய்யுங்கள். மூடிய பொருளில் ரைனோ அம்புகளை எப்போதும் வெளிநோக்கியே வைத்திருக்கும். காட்சி அமைப்பில் பின்புறத்துக்கு வேறு நிறம் கொடுத்துவைப்பது பழகிக்கொள்ள வேண்டிய வழக்கம். என் திரையில் பின்புறம் வாடாமல்லி நிறம்; தப்பு நடந்தால் அறையின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும்.

இரண்டும் மூடியவை, இருந்தும் தோல்வி என்றால், பூலியனை மறந்துவிட்டு இரண்டையும் தேர்ந்தெடுத்து, அவை வெட்டிக்கொள்ளும் கோடுகளை வரையும் இன்டர்செக்ட் கொடுங்கள். வரும் கோடுகள் மூடிய வளையங்களாக இருக்க வேண்டும். எங்கே கோடு அறுந்திருக்கிறதோ அங்கேதான் நோய். பெரும்பாலும் அங்கே இரண்டு பரப்புகள் வெட்டிக்கொள்ளாமல், உரசிக்கொண்டோ ஒன்றின்மேல் ஒன்று படிந்தோ கிடக்கும். ஃபிளாஞ்சின் (குழாய் வாயில் போல்ட் போடும் விளிம்புத் தட்டின்) முகமும் கோரின் முடிவும் ஒரே தளத்தில் இருப்பது இதற்கு நல்ல உதாரணம். கோரை ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிவிடுங்கள். கோர் நிற்பதற்கு மணலில் எப்படியும் நீட்சி வேண்டும், நஷ்டமில்லை.

அறுந்த கோட்டை நீங்களே இணைத்து, அதனால் இரண்டையும் வெட்டி, வேண்டாததை நீக்கி, ஜாயின் செய்வது எப்போதும் கைகொடுக்கும் வழி. பூலியன் செய்வதும் அதைத்தான்.

சில வடிவங்களுக்கு இன்னும் சுருக்கமான வழி ஒன்று உண்டு. பரப்புகளை விளிம்போடு விளிம்பு பொருத்த முயலாமல், ஒன்றையொன்று தாண்டி நீளும்படி விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து கிரியேட் சாலிட் கொடுத்தால், மீந்ததை வெட்டி உள்ளே அடைபட்ட இடத்தைத் திடமாக்கித் தரும். ஆட்டோகேடில் சர்ஃப் ஸ்கல்ப்ட் செய்வதும் இதே வேலை.

அறிகுறி: தடிமன் கொடுத்தால் உறை கிழிகிறது

உள்பரப்பு கிடைத்துவிட்டது, ஆஃப்செட் சர்ஃபேஸில் சாலிட் என்று தேர்ந்தெடுத்து 6 மி.மீ. தடிமன் கேட்டால், எல்லா இடமும் சரியாக வந்து நாக்கு முனையில் மட்டும் பரப்பு தன்னைத்தானே குத்திக்கொண்டு வெளியே வருகிறது.

காரணத்தைத் தாளில் வரைந்தால் புரியும். நாக்கு முனையின் வளைவு ஆரம் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவின் மையம் உலோகத்துக்குள் இருக்கிறது, ஏனென்றால் நாக்கின் இரு பக்கமும் தண்ணீர், நடுவில்தான் உலோகம். நாம் உலோகத்தின் பக்கம் 6 மி.மீ. நகரச் சொல்கிறோம். 1.5 மி.மீ. போனவுடனேயே பரப்பு ஒரு கோடாகச் சுருங்கிவிடும். அதற்குமேல் நகர்ந்தால் திரும்பிக்கொள்ளும். எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது, கேட்ட கேள்வியே தப்பு. நாக்கில் சுவரென்று தனியாக ஒன்று கிடையாது. இரு பக்கத்துச் சுவர்களும் ஒன்றாகி ஒரே முனையாகும் இடம் அது.

ஆகவே தடிமன் கொடுக்க வேண்டாம். வெளிப்புறத்தைத் தனிப் பரப்பாக, நாக்கு என்ற ஒன்றே இல்லாதது போல வழவழப்பாக வரைந்து, மூடித் திடமாக்குங்கள். உள்பரப்பைத் தனியாக மூடிக் கோர் ஆக்குங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். நாக்கு தானாகப் பிறக்கும். பேட்டர்ன் கடையில் மரத்தில் இதைச் செய்தவர்களும் வெளியைத் தனியாகவும் கோர் பாக்ஸைத் தனியாகவும்தான் செய்தார்கள். தடிமன் பொத்தான் வந்தபிறகுதான் நமக்கு இந்தக் குறுக்குவழி ஆசை.

வேறு இடங்களில் கிழிந்தால் கர்வேச்சர் அனாலிசிஸ் போட்டு, தடிமனைவிடக் குறைந்த ஆரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ரைனோவில் திடப்பொருள், சாலிட்வொர்க்ஸில் தோல்

எப்படி அனுப்பினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வடிவத்தைக் கொண்டுபோகும் கோப்பு வகைகள் ஐஜெஸ், ஸ்டெப். ஐஜெஸ் கோப்பில் பரப்புகள் பெரும்பாலும் தனித்தனித் துண்டுகளாகவே போகும். யார் யாருடன் சேர்ந்தவர் என்ற செய்தி போகாது. பெறுபவர் மறுபடி தைக்க வேண்டும். ஸ்டெப் கோப்பில் அந்த உறவும் கூடவே போகும். இன்னும் ஐஜெஸ் கேட்பவர்களிடம் நான் இரண்டையும் அனுப்பிவிட்டு, ஸ்டெப்பைத் திறக்கும்படி தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெப் அனுப்பியும் தோலாகத் திறந்தால், பூசி மெழுகிய விளிம்பு எங்கோ இருக்கிறது. ரைனோவில் பொருளைத் தேர்ந்தெடுத்து வாட் கட்டளையை ஓட்டினால், விளிம்புகளின் டாலரன்ஸ் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று ஒரு வரி இருக்கும். பெரிய எண் உங்கள் கோப்பின் டாலரன்ஸைத் தாண்டியிருந்தால் பிடிபட்டுவிட்டது. முன்பு சொன்ன கதை இதுதான்: சாலிட்வொர்க்ஸின் உள்ளே வடிவக் கணக்குகளைச் செய்யும் பாராசாலிட் என்ற பகுதி இயங்குவது 0.00001 மி.மீ. துல்லியத்தில். 0.001-ஐ அது பொறுத்துக்கொண்டு சமாளிக்கும். 0.035 என்றால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஸ்டெப் வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறக்கலாம். 'அன்சர்ட்டன்ட்டி மெஷர்' என்ற சொல்லைத் தேடினால், கோப்பை எழுதிய மென்பொருள் தன் டாலரன்ஸ் என்று அறிவித்த எண் பக்கத்திலேயே இருக்கும். அடுத்தவர் அனுப்பிய கோப்பில் சண்டை வரும்போது எனக்கு இந்த ஒரு வரி பலமுறை உதவியிருக்கிறது.

பெறும் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான் என்றால், சாலிட்வொர்க்ஸில் கோப்பைத் திறந்தவுடன், வேறெதுவும் செய்வதற்கு முன், இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டுங்கள். கெட்ட முகங்களையும் இடைவெளிகளையும் பட்டியலிட்டு, முடிந்ததைத் தானே சரிசெய்யும். மிச்சத்தை நிட் சர்ஃபேஸில் திடப்பொருள் உருவாக்கும் கட்டத்தை டிக் செய்து, இடைவெளி அளவைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பாருங்கள். ஃபியூஷனில் இது ஸ்டிட்ச். ஃப்ரீகேடில் பார்ட் பணிமேசையின் ஷேப் பில்டரில் முகங்களிலிருந்து ஷெல், ஷெல்லிலிருந்து சாலிட் என்று இரண்டு படிகள். மூன்றிலும் ஒரே விதி: அளவை உயர்த்தி உயர்த்தித் தைத்தது உங்கள் கணினியைத் தாண்டும்போது அவிழும்.

அறிகுறி: எல்லாம் மூடியது, எடை மட்டும் பொருந்தவில்லை

வால்யூம் கொடுங்கள். திறந்த பொருள் என்றால் அதுவே எச்சரிக்கும். மூடியதென்றால் கன மில்லிமீட்டரில் எண் வரும். சாம்பல் வார்ப்பிரும்புக்குக் கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம் என்று போட்டால், 12,50,000 கன மில்லிமீட்டர் உறை 9 கிலோ. வரைபடத்தில் உள்ள எடை ஏறத்தாழ இதுவா? 14 கிலோ வந்தால் உள்ளே கோர் கழிபடவில்லை, அல்லது அதே இடத்தில் இரண்டு திடப்பொருள்கள் கிடக்கின்றன.

முன்னூறு கிராம் போலக் கூடுதலாக வந்தால் அது மூடலின் கோளாறாக இருக்காது. வார்ப்பு ஆறும்போது சுருங்குவதற்காகப் பேட்டர்னை ஒரு சதவீதம் பெரிதாக்கியிருப்பீர்கள். நீளத்தில் ஒரு சதவீதம் கனஅளவில் மூன்று சதவீதம். 9 கிலோவுக்கு 270 கிராம். எடைபோடும் பிரதியை அளவு மாற்றுவதற்கு முன்பே எடுத்து வேறு லேயரில் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கே தேவைப்படாது.